நாழி என்னும் அளவு: தமிழ் அறநூல்களின் மனநிறைவும் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமும்

முன்னுரை

'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்னும் பழமொழி நம் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு மிக இளமையிலேயே அறிமுகமாகிவிடுகின்றது. இதனைத் தலைப்பாகக் கொண்டு எழுதப்பெறும் மாணவர் கட்டுரைகளைப் போட்டிகளிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் நாம் பல ஆண்டுகளாகப் படித்து வந்துள்ளோம். அவற்றுட் பெரும்பாலானவை ஒரே கதையைக் கூறுகின்றன. மாளிகையில் வாழும் செல்வன் உறக்கமின்றிப் புரள்கின்றான். குடிசையில் வாழும் ஏழை கூழைக் குடித்துவிட்டு நிம்மதியாக உறங்குகின்றான். ஆதலால் உள்ளதைக் கொண்டு மகிழ்வதே அறிவுடைமை என்று கட்டுரை முடிவடைகின்றது. எழுத்துப் பிழையும் சந்திப் பிழையும் இல்லையெனில் நாமும் நல்ல மதிப்பெண் வழங்கிவிடுகின்றோம்.

இக்கதையை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது பகாங் மாநிலத்துக் கியா பார்மில். ஆசிரியர் பட்டறையொன்றின் பொருட்டுக் கேமரன் மலைக்குச் சென்றிருந்த நாம், நண்பகல் ஓய்வில் பிரிஞ்சாங் நகரைக் கடந்து அச்சிற்றூரின் சந்தைக்குச் சென்றோம். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த அவ்விடத்தில் கோஸும் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் மலர்களும் குவிக்கப்பட்டிருந்தன; சாலையோ வெளியூர் வாகனங்களால் நிறைந்திருந்தது. அங்கிருந்து சற்றுத் தொலைவிலேயே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் உள்ளது. பச்சைச் சரிவுகளையும் அவற்றினிடையே குனிந்து நின்ற சிலரையும் கண்டு, இங்கு வாழ்வோர் கொடுத்துவைத்தவர்கள், எளிய வாழ்க்கை, கவலையற்ற வாழ்க்கை என்று நாம் வாய்விட்டுக் கூறினோம். உடனிருந்த உள்ளூர் ஆசிரியர் ஒருவர் மறுத்தொன்றும் கூறவில்லை, புன்னகைத்தார். அன்று மாலை பட்டறையில் மாதிரிப் பாடத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட தலைப்பு மேற்கூறிய பழமொழியே. நண்பகலில் நாம் கூறிய சொல்லும் மாலையில் நாம் கற்பிக்க முற்பட்ட பொருளும் ஒன்றே என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

எளிய வாழ்வில் நிறைவு காண்டல், பிறர் செல்வத்தையும் புகழையும் கண்டு பொறாமை கொள்ளாமை ஆகியன தமிழ் அறமரபின் உயர்ந்த விழுமியங்கள் என்பதில் ஐயமில்லை. அவ்விழுமியங்களை யார் யாரை நோக்கிக் கூறினர், எதன்பொருட்டுக் கூறினர் என்பதைக் கருதாது கற்பிக்கும்பொழுது அவற்றின் பொருள் திரிந்துவிடுகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து. சங்கப் பாடல்கள் சிலவும் திருக்குறளும் பிற்கால நீதிநூல்களும் இவண் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவை உரைத்துப் பார்க்கப்படும் கல்லாகத் தேயிலைத் தோட்டம் அமைகின்றது.

ஓர் அளவும் இரு முடிவுகளும்

மனிதனின் தேவை மிகச் சிறிது என்பதை உணர்த்தத் தமிழ்ப் புலவர்கள் ஓர் அளவைக் கருவியைப் பயன்படுத்தினர். அது நாழி. புறநானூற்றின் 189ஆம் பாடலில் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் இருவரை அருகருகே நிறுத்துகின்றார். ஒருவன் கடல் சூழ்ந்த நிலம் முழுவதையும் பிறர்க்குப் பங்கின்றி ஆளும் வேந்தன். மற்றவன் இரவும் பகலும் உறக்கமின்றி விலங்கின் பின் ஓடும் கல்லாத வேட்டுவன். இருவரும் உண்பது ஒரு நாழி, உடுப்பவை இரண்டு, பிறவும் அவ்வாறே ஒத்தவை. இங்ஙனம் இருவரையும் சமன்செய்த புலவர், செல்வத்தின் பயன் பிறர்க்கு ஈதலே என்னும் முடிவுக்கு வருகின்றார்.

இதே அளவு பல நூற்றாண்டுகள் கழித்து ஔவையாரின் நல்வழியில் மீண்டும் வருகின்றது. அங்கும் உணவு நாழி. ஆனால் துணி நான்கு முழம் என அளந்து கூறப்படுகின்றது. அதனையடுத்து, இவ்வளவே போதுமானதாக இருக்க, மனிதன் கோடி கோடியாக எண்ணங்களை வளர்த்து இறுதிவரை அமைதியற்று வாழ்கின்றான் என்று செய்யுள் முடிகின்றது. முன்னைய பாடலின் சாயல் இதில் இருப்பதை எவரும் எளிதில் உணரலாம். ஆயினும் இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் சுட்டப்படுவதில்லை.

நக்கீரனார் பாடலில் நாழி என்பது செல்வனுக்கு எதிராக நிற்கும் சான்று. நீ உண்பதும் அவன் உண்பதும் ஒரே அளவாயின் எஞ்சியதை என் செய்யப்போகின்றாய் என்பது அதன் உள்ளீடான வினா. வேட்டுவனுக்கு அப்பாடல் அறிவுரை எதனையும் கூறவில்லை. அவன் ஓட்டத்தை நிறுத்துமாறும் சொல்லவில்லை. ஔவையார் செய்யுளில் நாழி என்பது மனித மனத்தின் பேராசைக்கு எதிராக நிற்கின்றது. அரசனும் வேட்டுவனும் அங்கு இல்லை; பொதுவான மாந்தரே உளர். ஈதல் என்னும் முடிவு நீங்கி அமைதியின்மை என்னும் முடிவு வருகின்றது. பிற செய்யுள்களில் ஈகையை வலியுறுத்திய ஔவையாரை இதற்காகக் குறைகூற இயலாது. ஆயினும் இச்செய்யுளைத் தனியே எடுத்து ஏழைப் பிள்ளைக்குக் கற்பிக்கும்போது மூன்றாம் நிலை ஒன்று தோன்றுகின்றது. நாழியே போதும், அதற்குமேல் நீ கேளாதே என்பது அந்நிலை. செல்வனை நோக்கிக் கேட்கப்பட்ட வினா ஏழைக்கு இடப்பட்ட வரம்பாக மாறிவிடுகின்றது.

வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில் நாம் கலந்துகொண்ட ஒப்பிலக்கிய வகுப்பொன்றில் இரு உருசியக் கதைகள் ஒருங்கே பாடமாக வைக்கப்பட்டன. ஒன்று தால்சுதாய் 1886இல் வெளியிட்ட, ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை என்று வினவும் கதை. நிலத்தின்மீது கொண்ட பேராசையால் ஓடி ஓடி உயிர்விட்டவனுக்கு இறுதியில் புதைகுழியின் நீளமே போதுமானதாயிற்று. மற்றது செகாவ் 1898இல் வெளியிட்ட 'நெல்லிக்கனிகள்' என்று மொழிபெயர்க்கத்தக்க கதை. அதில் வரும் ஒருவர், அவ்வளவு நிலம் பிணத்துக்கே தேவை. உயிருள்ள மனிதனுக்கு உலகம் முழுவதும் தேவை என்று வாதிடுகின்றார். நிறைவுற்று வாழும் ஒவ்வொருவர் வாயிலிலும், துன்புறுவோர் உளர் என்பதை நினைவூட்ட ஒருவர் சுத்தியலுடன் நிற்கவேண்டும் என்றும் அவர் விரும்புகின்றார். போதும் என்னும் சொல்லை யார் உச்சரிக்கின்றார் என்பதே அதன் பொருளை முடிவு செய்கின்றது என்பதை அவ்வகுப்பில் நாம் உணர்ந்தோம். நக்கீரனார் அதனை முன்னரே உணர்ந்திருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

வள்ளுவர் வகுத்த வைப்புமுறை

பொறாமையையும் பிறர்பொருள் விழைதலையும் திருவள்ளுவர் இல்லறவியலில் அழுக்காறாமை, வெஃகாமை என அடுத்தடுத்த 17, 18ஆம் அதிகாரங்களில் கடிந்துரைக்கின்றார். வைப்புமுறை ஈண்டு நோக்கத்தக்கது. இவற்றிற்கு முன்னர்ப் பிறனில் விழையாமையும் பொறையுடைமையும் நிற்கின்றன. பின்னர்ப் புறங்கூறாமை வருகின்றது. பிறர்க்குத் தீங்கு செய்ய வல்லவன் அவ்வன்மையை அடக்கிக்கொள்ளுதலே இவ்வதிகாரங்களின் பொதுப்பொருள் எனலாம். வெஃகுதல் என்பது நடுவுநிலை தவறிப் பிறர்க்குரியதைக் கவர நினைத்தல். தனக்குரியதைக் கேட்டல் வெஃகுதல் ஆகாது.

இதற்கு மறுப்பாகக் காட்டத்தக்க குறள் ஒன்று அவ்வதிகாரத்திலேயே உண்டு. புலன்களை வென்ற தெளிந்த அறிவினர், தாம் இல்லாதவர் என்பதைக் காரணமாகக் காட்டிப் பிறர்பொருளை விழையமாட்டார் என்பது அது. இல்லாதவரையும் வள்ளுவர் இவ்வறத்துக்கு உட்படுத்துகின்றார் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அக்குறள் இல்லாமையைப் போற்றவில்லை. இல்லாமையிலும் குலையாத அறிவையே போற்றுகின்றது. இவ்விரண்டும் வேறு.

இன்னொரு குறளும் நம் கருத்தை ஈர்க்கின்றது. பொறாமையுடையவன் வளம் பெறுவதும் செம்மையுடையவன் கேடுறுவதும் எண்ணிப் பார்க்கத்தக்கன என்று அழுக்காறாமை அதிகாரத்தில் வள்ளுவர் கூறுகின்றார். பொறாமை கொண்டவன் அழிவான் என்று தொடர்ந்து எச்சரித்துவரும் அதிகாரத்தினிடையே, உலகில் நடப்பது எப்போதும் அவ்வாறில்லை என்பதையும் மறைக்காமல் வைத்திருப்பது அவருடைய நேர்மையைக் காட்டுகின்றது. ஊழ்வினையைக் கொண்டு உரையாசிரியர் இதனை விளக்குவர். மூலமோ எண்ணுக என்பதோடு நின்றுவிடுகின்றது.

ஏழை நிம்மதியாக உறங்குகின்றான் என்னும் மாணவர் கதையை இப்பொழுது வள்ளுவரிடம் கொண்டுசென்றால் என்ன விடை கிடைக்கும்? நல்குரவு என்னும் 105ஆம் அதிகாரத்தில் அவ்விடை உள்ளது. நெருப்பினிடையேகூட ஒருவன் துயிலக்கூடும், வறுமையினிடையே கண்மூடுதல் அரிது என்கின்றார் அவர். வறுமையைப் பற்றிப் பத்துக் குறள்கள் பாடிய அவர் அவற்றுள் ஒன்றிலேனும் வறியவனைப் பார்த்து நிறைவடைக என்று கூறவில்லை. பின்னர் வரும் இரவச்சத்தில், இரந்துதான் உயிர்வாழவேண்டும் என ஒருவனுக்கு விதித்திருந்தால் அவ்வுலகைப் படைத்தவனே அலைந்து கெடுக என்று சினக்கின்றார். வேண்டாமையை நிகரற்ற செல்வமாகப் போற்றியவரும் இதே வள்ளுவரே. ஆனால் அதனை அவர் கூறியது துறவறவியலில், அவா அறுத்தல் என்னும் 37ஆம் அதிகாரத்தில். பொருட்பாலில் பொருள் செயல்வகைக்கும் ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். துறவிக்குரிய அறத்தைத் தொழிலாளியின் பிள்ளைக்கு இடம் மாற்றி வழங்கியவர்கள் பின்வந்தோரே.

நன்கு உறங்கும் ஏழையின் கதை தமிழ்க்கே உரியதன்று என்பதும் கருதத்தக்கது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன், பாடிக்கொண்டே தொழில் செய்த செருப்புத் தைப்பவன் ஒருவன் செல்வனிடம் பணம் பெற்றதும் பாட்டையும் உறக்கத்தையும் இழந்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்த கதையைப் பாடியுள்ளார். இனிய கதைதான். எனினும் வள்ளுவரின் பெயரால் இதனைக் கற்பிக்க நமக்கு உரிமையில்லை.

பெருஞ்சித்திரனாரின் நிறைவு

அவ்வாறாயின் வறுமையிலும் நிறைவு என்பதே இல்லையா என்னும் வினா எழும். உண்டு என்பதற்குச் சங்க இலக்கியத்திலேயே சிறந்த சான்று பெருஞ்சித்திரனார். தம் வறுமையை அவர் மறைத்ததில்லை. குமணனைப் பாடிய 159, 160ஆம் புறப்பாடல்களில் முதிர்ந்த தாயையும், பசியால் மெலிந்த மனைவியையும், பாலின்றி அழும் குழந்தையையும், வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து ஏமாறும் சிறுவனையும் நம் கண்முன் நிறுத்துகின்றார். இவ்வறுமை எளிய வாழ்வு என்று அழைக்கத்தக்கதன்று.

இத்தகைய வறுமையுடையவர் அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாது அனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கின்றார். 208ஆம் பாடல் அதனைப் பதிவு செய்கின்றது. தாம் பொருளுக்கு விலைபேசும் புலவர் அல்லர் என்றும், தகுதியறிந்து தருவதாயின் தினையளவும் தமக்கு இனிதே என்றும் கூறுகின்றார். குமணனிடம் பெருவளம் பெற்று இல்லம் திரும்பியபோதோ, மனைவியை நோக்கி, உன்னை விரும்பியவர்க்கும் நீ விரும்பியவர்க்கும் கடன் தந்து உதவியவர்க்கும் இன்னார் இனியார் என்று பாராமல் கொடு, என்னையும் கேளாதே, சேமித்து வளமாக வாழ்வோம் என்றும் எண்ணாதே என்கின்றார். இது 163ஆம் பாடலின் செய்தி.

இம்மூன்று நிலைகளையும் ஒருங்கே நோக்கும்போது மனநிறைவின் உண்மையான வடிவம் புலனாகின்றது. இல்லாதபோது இல்லை என்று உரக்கச் சொல்லுதல், தரப்படுவது மதிப்பின்றித் தரப்படுமாயின் மறுத்தல், கிடைத்தபோது பகிர்தல். இவற்றுள் எதுவும் அடங்கிப்போதல் அன்று. அவருடைய நிறைவு தினையளவைப் பொறுத்ததும் அன்று, யானையளவைப் பொறுத்ததும் அன்று; அது தம் மதிப்பை அறிந்திருந்தமையால் விளைந்தது. பெருஞ்சித்திரனாரின் 163ஆம் பாடலை நக்கீரனாரின் 189ஆம் பாடலோடு இணைத்துக் கற்பிப்போமாயின், ஈதல் என்னும் முடிவு செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதும் மாணவர்க்குத் தெளிவாகும்.

தேயிலை மலையின் அளவு

இவ்வளவுகோலுடன் இனிக் கியா பார்முக்குத் திரும்புவோம். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இம்மலைப்பகுதியை ஆராய்ந்தமையால் அவர் பெயர் இதற்கு நிலைத்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தோட்டமே இங்குப் பெரிய அளவிலான தேயிலைப் பயிருக்கு வழிகோலியது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்திருந்தது. கங்காணி வழியே ஆள் சேர்த்தல் தொடர்ந்தது. உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும் வரை அது நீடித்தது. ஆகவே கேமரன் மலையில் தேயிலை வேரூன்றிய முதற் பத்தாண்டும் கங்காணி முறையின் இறுதிப் பத்தாண்டும் ஏறத்தாழ ஒன்றே. சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு எளிமையாகத் தோன்றும் அப்பச்சைச் சரிவு காட்டை அழித்து, மேடு திருத்தி, நிரை பிடித்து நட்ட உழைப்பால் அமைந்தது.

தேயிலைச் செடியின் தோற்றமும் இயற்கையானதன்று. வெட்டாமல் விட்டால் அது மரமாக வளரும். கொழுந்தெடுப்பவர் கைக்கு எட்டுமாறு அதனைக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துகின்றனர். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து தேவைப்படும். எனவே தோட்டத்தில் அனைத்தையும் முடிவு செய்வது நிறுவைத் தராசு. நாழி என்னும் அளவை நம் மாணவர் கண்டதில்லை. கொழுந்தின் எடையையோ தோட்டத்துப் பிள்ளைகள் நன்கறிவர். நாழி மனிதன் உண்பதை அளந்தது. தராசு மனிதன் தருவதை அளக்கின்றது. இவ்விரண்டு அளவுகளுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றிப் பேசாமல் மனநிறைவைப் பற்றிப் பேசுதல் நிறைவுடைய கல்வியாகாது.

பொறாமையும் இத்தராசைச் சுற்றியே பிறக்கின்றது என்பதை இலங்கை மலையகப் படைப்பாளி என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதை நுட்பமாகக் காட்டுகின்றது. இளம்பெண் ஒருத்தி எடுத்த கொழுந்தின் எடை மற்றவர் நம்பவியலாத அளவுக்கு மிகுந்துவிடுகின்றது. அதனால் எழும் ஐயத்துக்கும் பழிச்சொல்லுக்கும் தன் உழைப்பாலேயே அவள் விடையளிக்க முனைகின்றாள். அங்குப் பொறாமை துரையின் பங்களாவை நோக்கி எழவில்லை. பக்கத்து நிரையில் நிற்பவளின் கூடையை நோக்கி எழுகின்றது. அழுக்காறாமை அதிகாரம் இத்தகைய சமமானவர்களிடையே மிகவும் தேவைப்படுகின்றது என்பதை இக்கதையைக் கொண்டு கற்பிக்கலாம். சமமானவர்களை ஒருவர்க்கொருவர் போட்டியாக நிறுத்தும் ஏற்பாட்டையும் அதே கதையைக் கொண்டு சிந்திக்கச் செய்யலாம்.

இதற்கு முன்னரே, 1935இல் மணிக்கொடியில் வெளிவந்த 'துன்பக்கேணி'யில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற மருதியின் வாழ்வைப் புதுமைப்பித்தன் எழுதினார். மருதியைப் பார்த்துப் போதும் என்ற மனம் வேண்டும் என்று கூற எவர்க்கும் நா எழாது. மலேசியத் தமிழ் நாவலின் தோட்டப்புறப் பக்கங்களிலோ பெரும்பகுதியை இரப்பர் மரமே பிடித்துக்கொண்டது. தேயிலை மலைக்கு அங்குக் கிடைத்த இடம் சிறிது. இலக்கியம் பேசாத இடத்தில் சுற்றுலா விளம்பரம் பேசுகின்றது என்பது நம் கவலை.

காலமும் மாறிவிட்டது. இன்று கேமரன் மலையில் கொழுந்தெடுப்போருள் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர். கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துள்ளன. தோட்டத்தை விட்டு வெளிவந்த தமிழ்க் குடும்பங்கள் சில காய்கறியும் மலரும் பயிரிடுகின்றன. சில கடை வைத்துள்ளன. பல பிள்ளைகள் சமவெளி நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் முதன்முதலாக 2013இல் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட். 2025இல் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஒரு மனிதன் வாழ இவ்வளவேனும் தேவை என்று சட்டம் வகுத்த இந்த எல்லையை நம் காலத்து நாழி எனலாம். அந்நாழி நிறைவதற்கு முன்னர்ப் போதும் என்பது அறமாகாது. நிறைந்த பின்னர்ப் போதாது என்று அலைவதே அறநூல்கள் கண்டித்த அவா.

வியத்தலும் இகழ்தலும்

கணியன் பூங்குன்றனாரின் 192ஆம் புறப்பாடலைக் கருதாமல் இவ்வாய்வு முழுமை பெறாது. மலையிலிருந்து பாய்ந்துவரும் பேராற்றில் அதன் போக்கிலேயே செல்லும் தெப்பத்தைப்போல உயிர்வாழ்க்கை முறைவழிச் செல்கின்றது என்பது அப்பாடலின் நடுப்பகுதி. தீமையும் நன்மையும் பிறர் தருவதால் வருவன அல்ல என்பது அதன் முற்பகுதி. தோட்டத் தொழிலாளியின் துன்பத்துக்கு அவரே பொறுப்பு என்று வாதிட விரும்புவோர்க்கு இவ்வரிகள் துணைபோகக்கூடும் என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

பாடல் அவ்விடத்தில் முடிந்துவிடவில்லை. பெரியோரைக் கண்டு வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்னும் கருத்தே அதன் முடிபு. இவ்விரண்டனுள் இகழாமையையே புலவர் மிகுத்துக் கூறுகின்றார். முறைவழிச் செல்லும் வாழ்க்கை என்னும் கொள்கையிலிருந்து அவர் பெற்ற பயன், உன் இடத்தில் நீ இரு என்பதன்று. எவர் முன்னும் தலை குனியாதே, எவரையும் தலை குனியச் செய்யாதே என்பது. செல்வர், புகழ்பெற்றோர் ஆகியோரின் வாழ்வைக் கைப்பேசித் திரையில் நாள்தோறும் காணும் இன்றைய மாணவர்க்கு முதற்பகுதி இன்றியமையாதது. கியா பார்ம் சந்தையில் நின்று மலைச்சரிவைப் பார்த்துக் கொடுத்துவைத்தவர்கள் என்று கூறிய நமக்கு இரண்டாம் பகுதி இன்றியமையாதது. அறியாமல் வியத்தலும் இகழ்தலின் ஒரு வகையே என்பதை நாம் அன்று உணர்ந்தோம்.

வகுப்பறைக்குச் சில கருத்துகள்

நம் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தின் செய்யுளும் மொழியணியும் என்னும் பகுதியில் திருக்குறள், ஔவையார் நூல்கள், பழமொழிகள் ஆகியன இடம்பெற்றுள்ளன. இவற்றைத் தனித்தனிப் பொருளுரைகளாக மனனம் செய்விக்கும் பழக்கத்திலிருந்து ஆசிரியர் சற்று விலகலாம். கடல் கடந்தும் செல்வம் தேடுமாறு கூறும் கொன்றைவேந்தனும் தேவை சிறிது என்று கூறும் நல்வழியும் ஒரே புலவர் பெயரில் வழங்குவன. இவ்விரண்டையும் ஒரே வகுப்பில் எதிரெதிரே வைத்து, எப்போது எது பொருந்தும் என்று மாணவரை வாதிடச் செய்யலாம். முரண்போல் தோன்றுவது முரணன்று என்பதை அவர்களே காண்பர். கடல் கடந்து வந்த தம் முன்னோரின் வரலாற்றையும் அவ்வாதத்தில் அவர்கள் கொண்டுவருவர்.

அவ்வாறே 'போதுமென்ற மனம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுவிக்கும்போது நல்குரவு அதிகாரத்துக் குறள் ஒன்றையும் உடன் வழங்கலாம். இப்பழமொழியை யார் யாரிடம் கூறினால் அறமாகும், யார் யாரிடம் கூறினால் அறமாகாது என்னும் ஒரு வினாவைக் கூட்டினாலே போதும். மாளிகை, குடிசைக் கதை தானே நின்றுவிடும். அக்கதைக்குப் பதிலாக மாணவர் தம் வீட்டைப் பற்றி எழுதத் தொடங்குவர். எளிய வீட்டில் உண்மையிலேயே நிலவும் நிறைவு எத்தகையது என்பதை நாமும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

முடிவுரை

செல்வனை நோக்கி எழுந்த நாழி என்னும் சான்று, பேராசையைக் கடியும் பொது அறிவுரையாகி, இறுதியில் ஏழைக்கு இடப்பட்ட வரம்பாக மாறியதை இக்கட்டுரையில் கண்டோம். எளிய வாழ்வின் நிறைவு பொய்யன்று. ஆனால் அது தன் மதிப்பை அறிந்தவன் தானே தேர்ந்துகொள்ளும் நிறைவாக இருத்தல் வேண்டும். பெருஞ்சித்திரனாரிடம் நாம் கண்டது அதனையே.

இதற்கு நம் நாட்டுச் சான்று ஒன்றும் நம் அருகிலேயே உள்ளது. 1950களில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வாயிலாக 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கப்பெற்ற இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் சேர்ப்பதற்கென எளிய மக்களிடமிருந்து சிறு சிறு தொகைகளாக அந்நிதி சேர்ந்தது. நாழி அளவே உண்டவர்கள் அதிலிருந்தும் ஒரு பிடி எடுத்து வைத்தனர். தம் பிள்ளைகள் படிப்பதற்கு இருப்பது போதாது என்று அவர்கள் கருதியமையாலேயே கொடுத்தனர். தமக்குப் போதும் என்றும் தம் மக்களுக்குப் போதாது என்றும் ஒரே நேரத்தில் எண்ணிய அம்மனமே நம் அறநூல்கள் போற்றும் மனநிறைவு. அவர்கள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குப் போதும் என்னும் சொல்லைக் கற்பிக்கும் முன்னர், அந்நூல்களைத் திறந்து படித்த நாம் ஒருமுறை நின்று எண்ணுதல் வேண்டும்.